வேடம் மாற்றும் களைகள்

உழவின் சிறப்பைக் கூறவந்த திருவள்ளுவர் களைபறித்தலையும் உழவனின் கடமைகளுள் ஒன்றாக வைத்தார். செங்கோன்மையைக் கூறுமிடத்திலும், கொடியவரை வேந்தன் ஒறுப்பதற்கு உவமை தேடி, பசும்பயிரின் நடுவே களை பறிக்கும் உழவனிடமே அவர் சென்றார். இவ்வுவமையைப் படிக்கும் நாம் ஒன்றை எளிதாக எண்ணிக்கொள்கிறோம். களை எது, பயிர் எது என்பது கண்டவுடன் தெரிந்துவிடும். தெரிந்ததைப் பிடுங்கி எறிவதே வேலை என்று கருதுகிறோம். வயலில் இறங்கிக் குனிந்து நின்றவனுக்கே அது அவ்வளவு இலகுவான காரியமன்று என்பது தெரியும்.

நெல்வயலில் குதிரைவாலி இனத்தைச் சேர்ந்த புல் ஒன்று உண்டு. நெல்லோடு முளைத்து, நெல்லோடு வளர்ந்து, நெற்பயிரின் எருவையும் நீரையும் பங்கிட்டு உண்ணும். கதிர் வெளிவரும் வரையில் அதை நெல்லினின்று வேறுபிரித்து அறிதல் பழகிய கண்ணுக்கும் அரிதாகும். இவ்வினத்தின் ஏனைய வகைகளோ நெல்லைப் போன்றவை அல்ல. அவை மட்டங்களை நாற்புறமும் பரப்பி நிற்பவை. தண்டின் அடியிற் செந்நிறம் காட்டுபவை. நெல்வயலிற் குடிபுகுந்த வகையோ நிமிர்ந்து நிற்கிறது. அடித்தண்டிலும் பச்சைநிறமே காட்டுகிறது. இந்த வேடத்தை அதற்குப் புனைந்தவர் யார்? 2019ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானிகள் யாங்சி ஆற்றுப் படுகையின் வயல்களிலிருந்து எடுத்த புற்களின் பரம்பரையலகுகளை ஆராய்ந்து இவ்வினாவுக்கு விடை கண்டனர். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், சொங் மன்னர் காலத்தளவில், இவ்வேடம் உருவாகத் தொடங்கியது என்பது அவர்கள் கண்ட முடிவு. அதைப் புனைந்தவன் வேறெவனும் அல்லன். களை பறித்த உழவனே. அவன் கண்ணிற் பட்ட புல் பிடுங்கப்பட்டது; நெல்லைப் போலத் தோன்றிய புல் தப்பிப் பிழைத்து விதை சொரிந்தது. தலைமுறை தலைமுறையாக இது நிகழ, உழவனின் கண்ணே களைக்கு உரு அமைத்துக் கொடுத்துவிட்டது.

உருசியத் தாவரவியலறிஞர் நிக்கலாய் வவிலோவ் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே இவ்வுண்மையைச் சுட்டிக்காட்டியிருந்தார். இன்று ஐரோப்பியர் உரொட்டி சுடும் ரை என்னும் தானியம், ஆதியிற் கோதுமை வயலிற் களையாக நுழைந்து, கோதுமையைப் போலவே மாறி, ஈற்றிற் பயிராகவே ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று அவர் விளக்கினார். ஆதலின் களையும் உழவனும் ஒருவரையொருவர் மாற்றி வருகின்ற கதை மிகப் பழையது. அக்கதையின் புதிய அதிகாரமே, களைநாசினிக்கு மடியாத களைகளின் கதை.

நாசினி வந்தது, தப்பியவையும் வந்தன

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் 2,4-டீ என்னும் இரசாயனப் பொருள் கண்டுபிடிக்கப்பட்டது. போர் முடிந்ததும் அது சந்தைக்கு வந்தது. தானியப் பயிரை விட்டு அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் அதன் ஆற்றலைக் கண்ட உலகம் வியந்தது. களைபறிக்கும் வேலையிலிருந்து மனிதன் விடுதலை பெற்றான் என்றே பலரும் நம்பினர். ஆனால் 1956ஆம் ஆண்டிலேயே ஆங்கில நாட்டுத் தாவர அறிஞர் ஜோன் ஹாப்பர் ஓர் எச்சரிக்கை விடுத்தார். பூச்சிகள் நாசினியை வென்றதுபோலக் களைகளும் வெல்லும் என்பது அவர் கருத்து. மறு ஆண்டிலேயே, அவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களிலும் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலும் 2,4-டீக்குச் சாகாத களைகள் இருப்பதாகச் செய்தி வந்தது. 1968இல் அமெரிக்காவின் வாசிங்ரன் மாநிலத்து நாற்றுமேடை ஒன்றிற் சிமாசின் என்னும் நாசினிக்கு அசையாத களையொன்று கண்டறியப்பட்டது. அங்கு ஏறத்தாழப் பத்தாண்டுகளாக ஆண்டு தவறாமல் அதே நாசினியே தெளிக்கப்பட்டு வந்தது. 1970இல் அச்செய்தி அச்சேறிய பின்னரே உலகம் விழித்துக்கொண்டது. இன்று நாசினியை எதிர்த்து வாழும் களையினங்கள் உலகெங்கும் 270இற்கும் மேற்பட்டவை எனக் கணக்கிட்டுள்ளனர்.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். நஞ்சைச் சிறிது சிறிதாக உண்டு பழகிய மனிதனைப்போல, களைச்செடி நாசினிக்குப் பழகிக்கொள்வதில்லை. தெளிக்கப்பட்ட செடி ஒன்று தன் வாழ்நாளில் புதிதாக எதையும் கற்றுக்கொள்வதும் இல்லை. கோடிக்கணக்கான செடிகள் முளைக்கும் ஒரு வயலில், பரம்பரையலகின் சிறு மாற்றத்தால், நாசினிக்கு மடியாத செடி ஒன்றிரண்டு முன்னரே இருக்கக்கூடும். நாசினி தெளிக்கப்படாத வயலில் அவற்றுக்குத் தனிச்சிறப்பு எதுவும் இல்லை. கூட்டத்தோடு கூட்டமாக நிற்கும். நாசினி தெளித்த அன்றே அவற்றுக்கு வாழ்வு பிறக்கிறது. அண்டை அயலில் இருந்தவை யாவும் மடிய, நிலமும் நீரும் வெயிலும் எஞ்சியவற்றுக்கே உரிமையாகின்றன. அடுத்த ஆண்டு முளைப்பவை அவற்றின் பிள்ளைகளே. நெல்லைப் புடைக்கும் சுளகு பதரைத் தள்ளி மணியை வைத்துக்கொள்வதுபோல, நாசினி என்னும் சுளகு மெலிந்த களையைத் தள்ளி வலிய களையை வைத்துக்கொள்கிறது. ஒரே சுளகால் எத்தனை முறை புடைத்தாலும் எஞ்சுவது அதுவேயன்றி வேறன்று.

அவுஸ்திரேலியாவின் ரைப்புல்

இவ்வுண்மையை மிகுந்த விலை கொடுத்துக் கற்றவர்கள் அவுஸ்திரேலியாவின் கோதுமைக் கமக்காரர்கள். அங்கு ரைப்புல் என்றொரு புல் உண்டு. மத்தியதரைக் கடற் பகுதியைத் தாயகமாகக் கொண்ட அதை ஆட்டு மந்தைகளுக்கு மேய்ச்சலாகும் பொருட்டு அவர்களே கொண்டுவந்து பரப்பினர். செம்மறியாடு செல்வமாக இருந்த காலத்தில் ரைப்புல் நண்பனாகவே இருந்தது. பின்னர்க் கம்பளிச் சந்தை தளர்ந்தது. 1991இல் அரசாங்கத்தின் ஆதரவோடு நடைபெற்ற கம்பளி விலையுறுதித் திட்டமும் சரிந்தது. கமக்காரர் ஆட்டை விட்டுக் கோதுமைக்கு மேலும் மேலும் திரும்பினர். மந்தை மேய்ந்த புலங்கள் வயல்களாயின. நேற்றுவரை தீனியாக இருந்த புல் இன்று களையாயிற்று.

1978இல் டைகுளோபொப் என்னும் நாசினி அங்கு அறிமுகமாயிற்று. கோதுமையை விட்டு ரைப்புல்லை மட்டும் அது கொன்றது. ஆனால் 1982இலேயே தென் அவுஸ்திரேலியாவில் அந்நாசினிக்கு மடியாத ரைப்புல் கண்டறியப்பட்டது. கமக்காரர் வேறு நாசினிகளை நாடினர். அவையும் ஒவ்வொன்றாகத் தோற்றன. எஞ்சிய பெருநம்பிக்கை கிளைபோசேற்று. 1974இல் உலகச் சந்தைக்கு வந்த அதை எதிர்க்கும் களை தோன்றுவது அரிதிலும் அரிது என்று அறிஞர் சிலரே எழுதிவந்தனர். 1996இல் அவுஸ்திரேலிய மண்ணிலே அந்நம்பிக்கையும் பொய்த்தது. கிளைபோசேற்றுக்கு மடியாத களை உலகிலேயே முதன்முதலிற் கண்டறியப்பட்டது அந்நாட்டு ரைப்புல்லில்தான்.

ரைப்புல் இவ்வளவு விரைவாக வென்றமைக்குக் காரணங்கள் உண்டு. அது அளவின்றி விதைக்கும் செடி. ஒரு சதுர மீற்றர் நிலத்திலே பல்லாயிரம் விதைகளைச் சொரிய வல்லது. தன் மகரந்தத்தால் தானே கருவுறாமல், காற்றிற் பறந்துவரும் அயற்செடியின் மகரந்தத்தையே வேண்டி நிற்பது. ஆதலால் ஒரு செடி பெற்ற எதிர்ப்பாற்றலும் மற்றொன்று பெற்ற எதிர்ப்பாற்றலும் அவற்றின் பிள்ளையிடம் ஒன்றுசேர்கின்றன. அம்மகரந்தம் மூன்று கிலோமீற்றர் தூரம் சென்றும் கருவூட்டியதை ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். எனவே தன் வேலிக்குள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அயலான் செய்த தவறு காற்றோடு வந்து சேரும்.

மற்றொரு காரணம் மனிதனின் சிக்கனம். மழை குறைந்த அந்நிலங்களில் விளைச்சல் குறைவு. ஆதலால் நாசினிக்குச் செலவிடும் பணத்தையும் சுருக்கவேண்டியிருந்தது. குறிப்பிட்ட அளவிலும் குறைவாகத் தெளிக்கும் வழக்கம் ஏற்பட்டது. முழு அளவு தெளித்தால், பேராற்றல் வாய்ந்த மிகச் சிலவே தப்பும். அரை அளவு தெளித்தாலோ, சிறிதளவு ஆற்றலுள்ள பலவும் தப்பிவிடும். தப்பியவை ஒன்றோடொன்று கலந்து பெறும் பிள்ளைகளிடம் சிற்றாற்றல்கள் சேர்ந்து பேராற்றலாகும். இவ்வாறு குறைந்த அளவில் தெளித்த ரைப்புற் கூட்டம் மூன்றே தலைமுறைகளில் எதிர்ப்பாற்றல் பெற்றதை மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2005இல் நிறுவிக்காட்டினர்.

உள்ளே போட்ட வேடம்

ரைப்புல் நாசினியை வென்ற வகைகளுள் ஒன்று குறிப்பாக நம் சிந்தனைக்கு உரியது. டைகுளோபொப் கோதுமையைக் கொல்லாமைக்குக் காரணம் என்ன? கோதுமையின் உடலிலுள்ள நொதியங்கள் அந்நஞ்சை விரைவாகச் சிதைத்து விடுகின்றன. தப்பிப் பிழைத்த ரைப்புற் செடிகள் பலவற்றை ஆராய்ந்தபோது, அவையும் ஏறக்குறைய கோதுமை செய்வதையே செய்கின்றன என்பது தெரியவந்தது. அதாவது, கோதுமைக்கு உள்ள காப்பையே களையும் தேடிக்கொண்டது. இவ்வகை எதிர்ப்பு பெரிதும் அஞ்சத்தக்கது. ஒரு நாசினியைச் சிதைக்கும் நொதியம், அச்செடி ஒருபோதும் கண்டிராத வேறொரு நாசினியையும் சிதைத்துவிடக் கூடும். கடைக்கு வராத நாசினிக்கும் களை முன்கூட்டியே மாற்று வைத்திருக்கிறது.

நெல்லின் கதையும் இதுவே. புரோப்பனில் என்னும் நாசினியை நெற்பயிர் தன்னிடமுள்ள ஒரு நொதியத்தாற் சிதைத்துப் பிழைக்கிறது. குதிரைவாலிப் புல்லிடம் அந்நொதியம் போதியளவு இல்லாமையால் அது மடிகிறது. அமெரிக்காவின் ஆர்க்கன்சோ மாநிலத்திலும் கொலம்பியா நாட்டிலும் புரோப்பனிலுக்கு மடியாத புற்களை ஆராய்ந்தவர்கள், அவற்றிடம் அதே நொதியம் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உழவனின் கண்ணுக்கு அஞ்சி நெல்லின் புறத்தோற்றத்தைப் புனைந்துகொண்ட புல், இக்காலத்தில் நாசினிக்கு அஞ்சி நெல்லின் அகத்தியல்பையும் புனைந்துகொண்டது. வேடம் தோலிலிருந்து குருதிக்குள் இறங்கிவிட்டது.

இது கடல்கடந்த செய்தி மட்டுமன்று. புரோப்பனிலுக்கு மடியாத இப்புல் இலங்கையின் வயல்களிலும் உண்டு என்பதை 2002இல் வெளியான ஆய்வு காட்டியது. நம் நாட்டில் நெல்லைப் பெரும்பாலும் நாற்று நடாமல் நேரே விதைக்கிறோம். விதைப்பு வயலில் நெல்லும் களையும் ஒரே நாளிற் பிறந்த பிள்ளைகள். வரிசை இன்மையால் இடையே இறங்கிப் பறித்தலும் அரிது. ஆதலின் நாசினியின்மேற் சார்ந்திருப்பது இங்கு இயல்பாகிவிட்டது. நெல்லின் இனத்தையே சேர்ந்த களைநெல்லோ இன்னும் கொடியது. நெல்லைக் கொல்லாத நாசினி அதையும் கொல்லாது.

விதையைப் பிடித்தல்

நாசினிகள் ஒவ்வொன்றாகத் தோற்றபோது, அவுஸ்திரேலியக் கமக்காரர் புதிய நாசினி வரும் என்று காத்திருந்தனரா? காத்திருந்திருந்தால் அழிந்திருப்பர். 1980களுக்குப் பின்னர் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக, முற்றிலும் புதிய முறையிற் களையைக் கொல்லும் நாசினி எதுவும் பெருவழக்குக்கு வரவில்லை. அவர்கள் கேள்வியையே மாற்றிக் கேட்டனர். ‘களைச்செடியை எவ்வாறு கொல்வது?’ என்பது பழைய கேள்வி. ‘களைவிதை மண்ணுக்குள் செல்லாமல் எவ்வாறு தடுப்பது?’ என்பது புதிய கேள்வி.

ரைப்புல்லுக்கு இரு பலவீனங்கள் உண்டு. அதன் விதை மண்ணில் நெடுங்காலம் உயிரோடு கிடப்பதில்லை. சில ஆண்டுகளில் முளைத்தோ மடிந்தோ போய்விடும். இரண்டாவது, கோதுமை முற்றி அறுவடைக்கு வரும்போதும் அதன் விதைகளில் நூற்றுக்கு எண்பதளவு உதிராமற் கதிரிலேயே நிற்கும். அறுவடை எந்திரம் கோதுமையோடு அவ்விதைகளையும் வாரிக்கொள்ளும். பின் நிகழ்வது என்ன? எந்திரம் மணியை வைத்துக்கொண்டு, பதரோடு களைவிதையையும் பின்புறத்தால் வயலெங்கும் வீசி எறிகிறது. கமக்காரன் ஆண்டுதோறும் தன் கைப்பொருளைச் செலவிட்டுத் தன் வயலில் தானே களை விதைத்து வந்தான்!

இதை உணர்ந்தபின் வழிகள் பிறந்தன. சிலர் எந்திரத்தின் பின்னே வண்டி ஒன்றைப் பூட்டிப் பதரைச் சேர்த்தெடுத்தனர். சிலர் வைக்கோலையும் பதரையும் ஒடுங்கிய வரிசையாக விழச்செய்து, பின்னர் அவ்வரிசையை மட்டும் எரித்தனர். நெருப்பு ஓரிடத்தில் நின்று எரிவதால் விதைகள் கருகின. மேற்கு அவுஸ்திரேலியாவில் டார்க்கன் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ரே ஹரிங்ரன் என்ற கமக்காரர் வேறொன்று நினைத்தார். சுரங்கத் தொழிலில் நிலக்கரியை நொருக்கும் எந்திரம் அவர் கருத்திற் பட்டது. கரியை நொருக்குவது களைவிதையை நொருக்காதா? பல ஆண்டு முயற்சியின் பின் அவர் பெயராலேயே விதை நொருக்கும் எந்திரம் உருவாயிற்று. பதரோடு வரும் ரைப்புல் விதைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் அது அழிப்பதைச் சோதனைகள் காட்டின. 2010களில் அது சந்தைக்கு வந்தது. எரிப்பதால் மண்ணின் சத்து போகும். பதரை அகற்றினாலும் சத்து போகும். நொருக்கினாலோ யாவும் வயலிலேயே தங்கும். உழவன் ஒருவனின் சிந்தனை ஆய்வுக்கூடங்களுக்கு வழிகாட்டிய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

இவற்றோடு வேறு பலவும் சேர்ந்தன. விதையைச் சற்று நெருக்கமாக இட்டுப் பயிரின் நிழலாற் களையை அடக்கினர். வரிசைகளைக் கிழக்கு மேற்காக அமைத்தபோது, வரிசைகளின் இடையே வெயில் குறைந்து களையின் வளர்ச்சி தளர்வதையும் கண்டனர். கோதுமையோடு அவரையினப் பயிர்களையும் மேய்ச்சலையும் மாற்றி மாற்றி வைத்தனர். ஒரு நாசினியிற் தப்பியவற்றைச் சில நாட்களுக்குள் வேறு வகையான இன்னொன்றாற் கொன்றனர். இவற்றில் எதுவும் தனித்து நின்று வென்றதில்லை. சேர்ந்து நின்றபோது ரைப்புல் ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. எனினும் களையால் அந்நாட்டுத் தானியக் கமக்காரர் ஆண்டுதோறும் இழப்பது 330 கோடி அவுஸ்திரேலிய டொலர் என 2016இல் மதிப்பிடப்பட்டது. போர் முடிந்துவிடவில்லை.

முடியவும் முடியாது என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. அறுவடையின்போது விதையைப் பிடிக்கும் முறைக்குக் களை என்ன மறுமொழி சொல்லும் என்று ஆய்வாளர் சோதித்தனர். காட்டு முள்ளங்கி என்னும் களையில், முந்திப் பூப்பவற்றை மட்டும் தெரிந்தெடுத்து வளர்த்துவந்தனர். ஐந்தே தலைமுறைகளில், ஏறத்தாழ அறுபது நாளிற் பூத்துவந்த செடி முப்பது நாளளவிற் பூக்கலாயிற்று. அறுவடை எந்திரம் வருமுன்னரே விதையை உதிர்த்துவிடும் களை தோன்றக்கூடும் என்பதே இதன் பொருள். எந்த முறையாயினும், அதையே இடைவிடாது கையாண்டால், களை அதற்கும் ஒரு வேடம் கண்டுபிடிக்கும்.

நமக்குரிய பாடம்

இலங்கையில் அண்மைக் காலத்தில் நாசினியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தடை வேண்டும், வேண்டாம் என்னும் இரு முனைகளிலேயே நின்றது. 2015இற் கிளைபோசேற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தப்பட்டது. 2021இல் இரசாயன உரத்தோடு விவசாய இரசாயனங்கள் அனைத்துக்கும் ஒருங்கே தடை வந்து, அவ்வாண்டு நவம்பரிலேயே நீக்கப்பட்டது. மக்களின் உடல்நலம் பற்றிய கவலையும் அத்தடைகளுக்கு ஒரு காரணமாகக் கூறப்பட்டது, அக்கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. ஆயினும் மாற்றுவழி இன்றி நாசினியைப் பறிப்பதும், மாற்றுவழியைத் தேடாமல் நாசினியையே நம்பியிருப்பதும் கமக்காரனை ஒரே இடத்திலேயே கொண்டுபோய் விடுகின்றன. முன்னதில் அவன் களையிடம் இன்றே தோற்கிறான். பின்னதில் நாளை தோற்கிறான்.

மாற்றுவழிகள் நம் முன்னோர் அறியாதவையும் அல்ல. நிலத்தை மட்டமாக்கி நீரை ஒரே ஆழத்தில் நிறுத்தினால், குதிரைவாலிப் புல்லின் முளைகள் பல நீருக்குள்ளேயே அடங்கிவிடும். முதலில் ஈரங்கொடுத்துக் களைவிதைகளை முளைக்கவிட்டு, அவற்றை உழுது அழித்தபின் விதைத்தால், மண்ணிற் கிடக்கும் விதைக்களஞ்சியம் குறையும். சில போகங்களுக்கு ஒருமுறையாவது நாற்று நட்டால், நெல் முந்தி நிற்க, களை பிந்தி முளைக்கும். வரிசையின் இடையே களையெடுக்கவும் இயலும். களைவிதை கலவாத தூய விதைநெல்லே தலையாய காப்பு. ஊர் ஊராகச் செல்லும் அறுவடை எந்திரம் களைநெல்லின் விதையையும் ஊர் ஊராகக் கொண்டுசெல்கிறது. ஒரு வயலை விட்டு மறு வயலுக்கு இறங்குமுன் அதைத் துப்புரவாக்கும் வழக்கத்தை, கமக்காரர் அமைப்புகள் மனம் வைத்தால், ஒரு போகத்துக்குள் நடைமுறைக்குக் கொண்டுவரலாம். இவற்றோடு சேர்த்து, உரிய நேரத்தில், உரிய அளவில், வகை மாற்றித் தெளிக்கும் நாசினி நெடுங்காலம் பயன் தரும்.

இவற்றுள் எதுவும் ஒருவன் தனித்துச் செய்து முடிக்கத்தக்கதன்று. வாய்க்காலின் நீர் ஒரு வயலின் களைவிதையை மறு வயலுக்கு ஏந்திச் செல்கிறது. நீர்ப்பங்கீட்டுக்கு ஊர் கூடி முறை வகுத்த நாடு இது. களைக்கும் அவ்வாறு முறை வகுத்தல் இயலாத காரியமன்று.

ஆசிரியர்களிடத்தும் ஒன்று கூறவேண்டியுள்ளது. கூர்ப்பு என்னும் பாடத்தை நாம் தொலைதூரத் தீவின் குருவிகளையும் ஆங்கில நாட்டு அந்துப் பூச்சிகளையும் காட்டிக் கற்பிக்கிறோம். மாணவர் அதைப் பரீட்சைக்காகப் படித்து, பரீட்சையோடு மறக்கின்றனர். பாடசாலைக்கு அருகே வயல் இருக்குமானால், ஒரு காலைப்பொழுதில் அவர்களை வரம்புக்கு அழைத்துச் சென்று, நெல்லையும் நெல்லாக நடிக்கும் புல்லையும் வேறுபிரிக்கச் சொல்லலாம். வேறுபிரிக்க முடியாமல் அவர்கள் தடுமாறும் இடத்திலேயே பாடம் தொடங்கிவிடும். நாளை வயலுக்குச் செல்பவனுக்கும், வயலைப் பற்றிய சட்டத்தை எழுதப்போகிறவனுக்கும் அப்பாடம் ஒருங்கே தேவைப்படுகிறது.